பாராட்டு விழா முடியட்டும்

சமீபத்தில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி போட இன்னும் நேரமாகும் என்றார்கள். மேடை ஓரத்தில் யாரோ கீபோர்டில் பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் தாம்பரத்தில் ஓர் அக்கார்டியன் மாஸ்டர் இருந்தாரே, தெரியுமா என்றார். தெரியும் என்றேன். உடனே கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"என்ன கைம்மா அது. உள்ள போனாத்தான் அந்தக் கை பேசும். குடிக்காம இருந்திருந்தா அவரும் வெறும் ரயில்வே கிளார்க்காவே போயிருப்பார்."

நான் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டேன். இந்தப் பேச்சை எத்தனை வருஷமாக எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று. சொல்கிறவர்களில் ஒருவர்கூடக் குடிக்கிறவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனிதர்கள். ஆனால் இன்னொருத்தன் குடித்தால்தான் சங்கீதம் வரும் என்று இவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மாஸ்டர் குடிக்காத காலத்தில் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர் அவருடைய மனைவி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், இங்கேயும் அவரை அப்படியே சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர்கள் சர்ச்சில் பாட்டு நிகழ்ச்சி இருக்கிறது, வாங்க என்றார். நாங்கள் பிள்ளையார் கோயில் குடும்பம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

சர்ச் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாலு பெஞ்சு. மாஸ்டர் அக்கார்டியனை மார்போடு சேர்த்து வார் போட்டுக்கொண்டு நின்றார், தூங்குகிற குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி. வலது கை கட்டைகளில், இடது கை பொத்தான்களில். வாசிப்பதற்கு முன்னால் துருத்தியை ஒருமுறை மெல்ல இழுப்பார். சுரம் எதுவும் வராது, வெறும் காற்று உள்ளே போகிற சத்தம் மட்டும். பெட்டி மூச்சு வாங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. பிறகு அந்த மூச்சிலிருந்தே பாட்டு கிளம்பும். அன்றைக்கு அவர் குடித்திருந்தது டீச்சர் பிளாஸ்கில் கொண்டுவந்த காபி. அதைவிட நன்றாக அவர் பின்னால் எப்போதும் வாசித்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியத்தை யார் கேட்கிறார்கள்?

குடி எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவோடு கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்தார். பல்லாவரம், மீனம்பாக்கம், இந்தப் பக்கம் வண்டலூர் வரைக்கும். கச்சேரி முடிந்ததும் வாத்தியக்காரர்களுக்குக் கவனிப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் பின்கட்டு அறைக்குக் கூட்டிப் போவார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு வருத்தம். மாஸ்டர் யாருக்கும் வருத்தம் வரக் கூடாது என்று நினைக்கிற ரகம். முதலில் கவனிப்புக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். பிறகு கவனிப்பு இல்லாத நாளில் தானே தேடிக்கொண்டு போனார். ரெண்டு மூணு வருஷத்தில் முடிச்சூர் ரோட்டில் வயலைத் தாண்டிச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

ஒருநாள் காலையில் எங்கள் பால்காரர் பாலை ஊற்றியபடியே சொன்னார்.

"ஒங்க பொட்டி மாஸ்டரு ஏரிக்கரைல வுழுந்து கீறாரு டீச்சர். பொட்டிய எட்த்துகினு வந்து வூட்ல வெச்சிக்கீறேன்."

இந்தச் செய்தி அன்று மாலையே ரசிகர்களுக்குப் போயிற்று. ஆமாம், ரசிகர்களுக்கு ஒரு குழு இருந்தது. ரசிகர் மன்றம் என்றால் சினிமாக்காரர்கள் மாதிரி இருக்கும் என்று இசை நண்பர்கள் என்று பேர் வைத்திருந்தார்கள். தலைவர், மேற்குத் தாம்பரத்தில் இசைத்தட்டுப் போடுகிற ரேடியோகிராம் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். செயலாளர், ஒரு வங்கியில் அதிகாரி, மாஸ்டருடைய சர்ச்சில் பாடுகிறவர். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், கையெழுத்து நன்றாக இருக்கும், கூட்டம் நடந்தால் காபிக்கும் ஆள் வேண்டும் என்பதால். ஏரிக்கரைச் சமாசாரத்தைச் சொன்னதும் தலைவர் பதறிப்போய்க் கேட்ட முதல் கேள்வி இது: "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர்கள் கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். நிஜமான கவலைதான். தலைவருக்கு ராத்தூக்கம் இல்லை என்று அவர் மனைவியே சொன்னார். செயலாளர் மாஸ்டருக்காக உபவாசம் இருந்து ஜெபம் செய்தார். கச்சேரி நாளில் குழுவில் யாராவது ஒருவர் மாஸ்டர் வீட்டுக்குப் போய், அவரை மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு, வழியில் எங்கேயும் இறங்கவிடாமல் மேடை வரைக்கும் கொண்டு சேர்ப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறையை ஒருவரும் தவறவிடவில்லை. மேடை வரைக்கும்தான். கச்சேரி முடிந்ததும் கை குலுக்கிவிட்டுக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அப்புறம் அவர் பின்கட்டு அறைக்குப் போனாரா, ஏரிக்கரைக்குப் போனாரா என்பது டீச்சர் பாடு.

அந்தச் சமயத்தில் முடிச்சூர் பக்கம் கெட்ட சாராயம் குடித்து ஒருவருக்குக் கண் போய்விட்டது. குழு கூடியது. மாஸ்டருக்கும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கலங்கினார்கள். அப்போது ஒரு வழி இருந்தது. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சர்க்கார் பெர்மிட் தரும், மாதத்துக்கு இவ்வளவு என்று நல்ல சரக்காக வாங்கிக்கொள்ளலாம். ஜென்மத்தில் ஒரு சொட்டு தொட்டறியாத இந்த மனிதர்கள் ஒரு ஆபீஸ் விடாமல் ஏறி இறங்கி, தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி, மாஸ்டருக்குக் குடிப்பதற்கு பெர்மிட் வாங்கினார்கள். வாங்கி வந்த அன்றைக்குத் தலைவர் வீட்டில் கேசரி.

நான் மட்டும் கேட்டேன். டாக்டரிடம் போனதுதான் போனீர்கள், குடியை நிறுத்த என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கக் கூடாதா என்று. செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும் டீச்சர், அப்புறம் எப்படி வாசிப்பார் என்றார். அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். என் ரத்தம் கொதித்தது. ஆனால் எனக்கு வயது இருபத்து சொச்சம், கல்யாணமாகாதவள், அவர்கள் தயவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பாட்டில் தலைவர் வீட்டு பீரோவில் இருந்தது. கச்சேரி நாளில் மாஸ்டர் அங்கே வருவார். தலைவர் பேரக்குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கிற சின்னக் கண்ணாடியில் அளந்து ஊற்றுவார், நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாஸ்டர் தலைகுனிந்து வாங்கிக் குடிப்பார். மருந்து என்றுதான் அதற்குப் பேர். "மருந்து கொடுத்தாச்சா?" என்று செயலாளர் கேட்பார். மாஸ்டருக்கு அந்த அளவு எந்த மூலைக்கு? மேடைக்கு முன்னால் இவர்களுடைய மருந்து, மேடைக்குப் பின்னால் பழைய ஏரிக்கரை. வாசிக்குமுன் இழுக்கிற அந்த மூச்சு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று. ஜனங்கள் அதை வாசிப்பின் உருக்கம் என்று நினைத்துக் கண் கலங்கினார்கள். எந்தக் கட்டையில் விரல் வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தது முன்வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது.

அப்புறம் கண் மஞ்சளாயிற்று. வயிறு வீங்கியது. டீச்சர் லீவு போட்டுவிட்டு அவரைப் பட்டணத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, ஆனால் இப்போதே வந்து படுத்தால் காப்பாற்றப் பார்க்கலாம், வருகிற திங்கட்கிழமை கூட்டி வாருங்கள், படுக்கை ஒதுக்கித் தருகிறேன் என்றாராம். அதுவரைக்கும் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து வெளியே போனவர் மாஸ்டர். இந்தத் தடவை மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போறேன் டீச்சர். இந்தத் தடவை எனக்கே பயமா இருக்கு" என்றார்.

டீச்சர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியில் அவருடைய வேட்டிகளை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சனிக்கிழமை இசை நண்பர்கள் வந்தார்கள். ஆப்பிள், ஆர்லிக்ஸ், சாத்துக்குடி எல்லாம் வந்தது. தலைவர் மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மாஸ்டர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கப் போகிறார், ஊர் மறந்துவிடும். இத்தனை வருஷம் வாசித்த மனிதருக்கு இந்த ஊர் என்ன செய்தது? போவதற்கு முன்னால் ஒரு பாராட்டு விழா எடுத்தே தீர வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. பெரிய இடத்திலிருந்து ஒரு பிரமுகர் தலைமை தாங்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்குத் தேதி கிடைப்பது மூன்று வாரம் கழித்துத்தான். விழாவில் மாஸ்டர் நாலே நாலு பாட்டு வாசித்தால் போதும். மறுநாள் காலையில் குழுவே கூட வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

இது நம் ஊர் வியாதி. ஒருத்தருக்குக் கஷ்டம் என்றால் விழா எடுப்போம். படுக்கையில் கிடந்தால் பட்டம் கொடுப்போம். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கமாட்டோம், மாலை வாங்க மார்க்கெட்டுக்கு ஓடுவோம்.

டீச்சர் கதவருகே நின்றுகொண்டு, டாக்டர் திங்கட்கிழமை என்று சொன்னார் சார் என்றார். நான் அதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன், முதலில் ஆஸ்பத்திரி, குணமாகி வந்த பிறகு விழா என்று. தலைவர் பொறுமையாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "உணர்ச்சிவசப்படாதீங்க டீச்சர். பாராட்டு விழா முடியட்டும்" என்றார். இத்தனை நாள் தாங்கின உடம்பு மூன்று வாரம் தாங்காதா என்று செயலாளர் கேட்டார்.

நான் மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். அதில் வெளிச்சம் வந்திருந்தது. ஒரு பாராட்டு விழாகூட நடந்ததில்லை அவருக்கு. ரயில்வே ஆபீசில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த மனிதர், கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சாப்பிட்ட மனிதர். போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூணு வாரம்தானே என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைப்பானேன். ஆனால் அந்த முகத்தை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. இவர்கள்மேல் நிற்பதில்லை.

ஒதுக்கிய படுக்கைக்கு வேறு யாரோ வந்திருப்பார்கள். மடித்து வைத்த வேட்டிகளை டீச்சர் மறுபடி வெளியே எடுத்தார்.

விழா ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. பந்தல், டியூப் லைட், வாழைமரம், எதிலும் குறை இல்லை. மாஸ்டருக்கு நிற்க முடியவில்லை. மேடையில் நடுநாயகமாக ஒரு சிம்மாசன நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிரமுகர் தாமதமாக வந்தார், வந்ததும் நீண்ட நேரம் பேசினார், அதில் மாஸ்டர் வாசிப்பது புல்லாங்குழல் என்று ரெண்டு தடவை சொன்னார். அடுத்து பொன்னாடை. ஒவ்வொரு சங்கமாக வந்து போர்த்தினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திப் போர்த்தி அந்த மெலிந்த உடம்பு துணிக்குள் முங்கிப்போயிற்று. வேர்வை வழிந்தது. கைகள் பொன்னாடைக்கு அடியில் நடுங்குவது துணியின் மேலேயே தெரிந்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எழுந்து மேடைக்குப் பின்னால் போய் ஒரு காபி டம்ளரோடு வந்தார். அன்றைக்கு இருமல் மருந்துக் கண்ணாடி இல்லை. டம்ளர் நிறைய.

அடுத்து டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கலைஞனைத் தாங்கிய தூண் என்றோ என்னமோ ஒரு பட்டம். பரிசு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் குங்குமச் சிமிழ் கொடுக்கிறோமே என்றுகூட அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. டீச்சர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். ரெண்டு வார்த்தை பேசும்படி தலைவர் மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார்.

டீச்சர் வகுப்பறைக்கு வெளியே நாலு பேர் முன்னால் பேசியவர் இல்லை. மைக்கைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார், பிறகு ஜனங்களைப் பார்த்தார்.

"இவருக்கு ரொம்ப முடியல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இங்க யார்கிட்டயாவது கார் இருந்தா தயவுசெஞ்சு உதவி பண்ணுங்க" என்றார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஆரம்பித்து, கடைசியில் மதில்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் தட்டினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரமுகரும் தட்டினார். அவருடைய கார் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. தலைவர் மைக்கை வாங்கி, அன்புச் சகோதரியின் உருக்கமான பேச்சுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு, இப்போது மாஸ்டர் வாசிப்பார் என்று அறிவித்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு பிரமுகரிடம் போய்ச் சேர்வதற்குள் அவர் கும்பிடு போட்டபடி காரில் ஏறிவிட்டார். வேறு நிகழ்ச்சியாம்.

மாஸ்டர் வாசித்தார். பொன்னாடைகளை எடுத்துவிட்டு ரெண்டு பேர் பிடித்துப் பெட்டியை மாட்டிவிட, உட்கார்ந்தபடியே வாசித்தார். நன்றாக வாசித்தார் என்பதுதான் கொடுமை. அந்தக் கல்யாண மண்டபத்துப் பெரியவர் போன்றவர்கள் இன்றைக்கும் கண்ணை மூடித் தலையாட்டுவது அந்த நாலு பாட்டுக்குத்தான். நாலுக்குப் பிறகு ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். அதையும் வாசித்தார். யாருக்கும் வருத்தம் வரக் கூடாதே.

மறுநாள் விடியும்போது ரத்தமாக வாந்தி எடுத்தார். குழு சொன்னபடி கூட வந்தது, ஒரு டாக்சியும் பிடித்துக் கொடுத்தது. நானும் டீச்சரோடு போனேன். அதே பெரிய டாக்டர் பார்த்தார். திட்டவில்லை. அன்றைக்கே ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் மாஸ்டர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாளில் தலைவரும் செயலாளரும் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே இருந்தேன். மூலையில் பொன்னாடைகள் மூட்டையாகக் கிடந்தன, பக்கத்தில் அக்கார்டியன் பெட்டி. தலைவர் நிஜமாகவே இளைத்துப் போயிருந்தார். எவ்வளவோ பார்த்துக்கொண்டோமே, கடைசியில் இந்தப் பாழும் குடி கொண்டுபோய்விட்டதே என்று சொன்னார். அவர் வீட்டு பீரோ என் கண்முன் வந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர்கள் வந்த காரியம் இரங்கல் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை, அதே மைதானம். டீச்சர் அவசியம் வர வேண்டும் என்றார் தலைவர்.

"விழாவில எவ்வளவு உருக்கமா பேசினீங்கம்மா. ஜனங்க இன்னும் அதையே சொல்றாங்க. அதே மாதிரி ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் அன்னைக்குப் பேசல சார். கார் கேட்டேன்."